தேதி போட்ட படங்கள்: உத்திரமேரூர் வட்டாரத்துப் புகைப்பட ஆர்வலர்கள்

உத்திரமேரூர் ஏரி நிரம்பிக் கலங்கல் பாய்ந்தால், அன்று மாலைக்குள் வட்டாரத்தில் பாதிப் பேருடைய ஸ்டேட்டஸில் அந்தத் தண்ணீர் ஓடுகிறது. நடவு, அறுவடை, திருவிழா, மாட்டுப் பொங்கல், வயலில் இறங்கிய நாரைக் கூட்டம், பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும் ரயில் என எதையும் யாரும் விடுவதில்லை. எடுப்பவர்கள் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஒரகடம் ஆலைகளுக்கு ஷிஃப்ட் போய் வருபவர்கள், வயலில் வேலை செய்பவர்கள். ஒருவரும் கூலிக்கு எடுக்கவில்லை. இந்த மண்ணின் முகம் இத்தனை நெருக்கத்தில், இத்தனை பேர் கையால், முன்பு எப்போதும் பதிவானதில்லை.

இவற்றில் எவை முப்பது ஆண்டு கழித்தும் பயன்படும்? தமிழ்நாட்டில் ஆர்வலர்களின் புகைப்பட முயற்சிகளைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நிலைத்து நின்ற படங்களுக்கெல்லாம் எந்த இடம், எந்த நாள், என்ன காட்சி என்ற குறிப்பு கூடவே இருந்திருக்கிறது. குறிப்பில்லாத படம், எடுத்தவரோடு சேர்ந்து ஊமையாகிவிடுகிறது.

இதைச் சொல்ல உத்திரமேரூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்திலுள்ள குடவோலைக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. அந்த ஆண்டுக் கணக்கை வைத்துத்தான் அவை கி.பி. 919, 921 என்று நம்மால் சொல்ல முடிகிறது. முப்பது குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என ஒரு சபை எப்படி இயங்கியது என்பது அந்தச் சுவரில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஆண்டு பொறிக்கப்படாமல் போயிருந்தால், எழுத்தின் வடிவத்தை வைத்துத் தோராயமாகக் காலம் சொல்வதோடு நின்றிருப்போம்.

அந்தச் சுவரைப் படம் எடுப்பதே ஒரு தனிப் பயிற்சி. உச்சி வெயிலில் போனால் கல் வெறுமையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் மெல்லிய நிழல் நிறைந்து, வரி வரியாக எழுத்து மேலெழுந்து வரும். வெயில் படாத பக்கத்தில், சுவரை ஒட்டினாற்போல் டார்ச்சைப் பிடித்தாலும் அதே பலன் கிடைக்கும். கல்வெட்டு ஆர்வலர்கள் பலர் இப்படித்தான் எடுக்கிறார்கள். சுண்ணாம்பு தடவியோ மாவு பூசியோ எடுப்பது கல்லைக் கெடுக்கும் வேலை, அதை அடியோடு விட்டுவிட வேண்டும்.

கல்வெட்டும் கேமராவும் தமிழ்நாட்டில் சந்தித்தது இன்று நேற்றல்ல. சென்னைக் கலைப்பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1850-களின் பிற்பகுதியில் சென்னையில் புகைப்படச் சங்கம் உருவானது. இன்றைய சென்னைப் புகைப்படச் சங்கம் தன் தொடக்கத்தை 1857 என்றே குறிக்கிறது. அதே காலத்தில் கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிச் சென்று படமெடுத்தார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டவைத்தார். சுமார் 19 அடி நீளம் வரும் அந்தப் படத்தை அழகுக்காகப் பார்ப்பவர்களைவிட, எழுத்துக்காகப் பார்ப்பவர்களுக்கே அதன் அருமை அதிகம் தெரியும்.

அதன்பின் கேமரா நெடுங்காலம் வசதி படைத்தவர்களிடமும் ஸ்டுடியோக்களிடமும் இருந்தது. ஊர்ப்புறத்தில் ஒருவர் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: கல்யாணம், குழந்தைக்கு மொட்டை, பிறகு சட்டம் போட்டு மாட்டப்படும் கடைசிப் படம். 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்க்கும் பணி பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை மையமாகக் கொண்டு நடந்தது. அதற்குள் பல ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்கள் அழிந்துவிட்டன. வெள்ளி எடுப்பவர்களிடம் எடைக்குப் போனவையும் உண்டு.

பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் வழக்கம் சிற்றூர்களுக்கு வந்தது 'அக்ஃபா கிளிக்' கேமராவின் காலத்தில். ஒரு ரோலுக்கு 12 படம். ஊட்டியில் 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தந்தது. எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியிருந்த காலம் அது. பிரிண்ட் வந்ததும் பின்பக்கத்தில் பேனாவால் தேதியும் ஊரும் எழுதும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது. அந்தப் பேனா வரியின் மதிப்பு இன்றுதான் புரிகிறது.

ஆர்வலர் மரபின் உச்சம் என்று நான் சொல்வது மா. கிருஷ்ணனை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். பல கேமராக்களின் பாகங்களைத் தானே பொருத்தி உண்டாக்கிய கருவியில் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்தவர். யானைப் படங்களால் பெயர் பெற்றாலும், வீட்டுச் சுவரில் ஓடும் அணிலையும் தெருமரத்துக் காகத்தையும் அதே கவனத்தோடு பார்த்தார். 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கைப் பத்தி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தந்திருக்கிறார். கூர்மையிலும் நிறத்திலும் கிருஷ்ணன் படங்களை விஞ்சும் படத்தை இன்றைய நடுத்தர விலை கேமராவே எடுத்துவிடும். அவர் எழுதிய குறிப்பை அது எழுதாது. விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது, ஏன் அப்படிச் செய்தது என்று சொல்ல அவரால் முடிந்தது. அதனால்தான் அந்தப் படங்கள் வாழ்கின்றன.

உத்திரமேரூர் வட்டாரத்துப் பறவை ஆர்வலர்களுக்கு வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பக்கத்து வீடு. 2019-ல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்தபின் இரண்டும் செங்கல்பட்டுக்குப் போய்விட்டன. பறவைகளுக்கு அந்த எல்லை தெரியாது, இரைக்கு இந்தப் பக்கத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் வந்தபடியே இருக்கின்றன. சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று வேடந்தாங்கல் மக்கள் முறையிட்டதன்பேரில், 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை தந்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அந்த விவசாயிகள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியும் அதைவிடப் பெரிய கரிக்கிலியும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல் கரையில் நீண்ட லென்ஸ்கள் வரிசை கட்டி நிற்கும். நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் ஆயிரக்கணக்கில் படமாகின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஒரே படம்தான்: சிறகு விரித்து இறங்கும் நாரை, பின்னால் மங்கலான பச்சை. அழகில் குறையில்லை. ஆனால் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, பெயர் தெரியாத ஒரு சிற்றேரியில் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று, எந்த மாதம் எந்தப் பறவை வந்தது என்று படத்தோடு பதிபவரின் வேலையை நான் பல மடங்கு உயர்வாக மதிப்பேன். தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறது. ஆர்வலர்கள் தாங்கள் பார்த்தவற்றை இடம், நேரம், எண்ணிக்கையோடு ஈபேர்ட் தளத்தில் சேர்க்கிறார்கள், அடையாளத்துக்குப் படத்தையும் இணைக்கிறார்கள். அப்போது அது ஆய்வாளர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவாகிவிடுகிறது.

கூடுகளைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முந்தைய தலைமுறையின் புகழ்பெற்ற பறவைப் படங்களில் பல, கூட்டருகே மறைப்புக் கட்டி எடுத்தவை. இன்று பல போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை, அது சரியான முடிவு. தாய்ப்பறவை கலைந்து பறந்த சில நிமிடங்களில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். மொபைலில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் அதே வகை. அப்படிக் கிடைக்கும் படத்தை யாரும் பாராட்டக் கூடாது.

ரயில் ரசிகர்களிடம் மற்றவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. ஆனால் ஒரு பக்கம் செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் பழைய சீவரம், வாலாஜாபாத், காஞ்சிபுரம். மறுபக்கம் தென் மாவட்டங்களுக்குப் போகும் முதன்மைப் பாதையில் படாளம், மதுராந்தகம். கொளவாய் ஏரியோரம் வளைந்து போகும் வண்டி, பாலாற்றுப் பாலம், வாலாஜாபாத்தில் கார்களை ஏற்றும் சரக்கு ரயில் எல்லாம் இவர்களுக்கு விருப்பமான காட்சிகள். பழைய சீவரத்துக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலசாலை (மருத்துவமனை) பற்றிய கல்வெட்டு அங்குள்ள கோயிலில்தான் இருக்கிறது. ரயிலுக்குப் போகிறவர் அதையும் ஒரு நடை பார்த்துவரலாம்.

ரயில் ரசிகர் ஒருவரின் படக்குறிப்பைப் படித்துப் பாருங்கள். வண்டி எண், இன்ஜின் வகை, இன்ஜின் எண், அது ராயபுரம் ஷெட்டா ஈரோடு ஷெட்டா, எந்த இரு நிலையங்களுக்கு இடையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தாமதம் என எல்லாம் இருக்கும். 1989-ல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த சில இந்திய மாணவர்கள் தொடங்கிய இந்திய ரயில் ரசிகர் சங்கம் இந்தப் பழக்கத்தை வேரூன்றச் செய்ததில் பெரும்பங்கு வகித்தது. அதன் பலனை இப்போது பார்க்கிறோம். சென்னைக் கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் 2004-ல் நின்றுபோனது. 1955 முதல் பெரம்பூரில் தயாரான ஐசிஎஃப் வகைப் பெட்டியின் உற்பத்தி 2018-ல் முடிந்தது. நம் கண்ணுக்குப் பழகிய நீலப் பெட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்து சிவப்புப் பெட்டிகள் வருகின்றன. எந்த வண்டி எப்போது மாறியது என்பதை ரசிகர்களின் படங்களை அடுக்கியே சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. அனுமதியின்றித் தண்டவாளப் பகுதிக்குள் நுழைந்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டத்தைவிட, மின்சார ரயில் சத்தமில்லாமல் வரும் என்பதுதான் பெரிய ஆபத்து. நடைமேடையிலிருந்தும் சாலையோரத்திலிருந்தும் எடுத்த நல்ல படங்கள் எத்தனையோ இருக்கின்றன.

மிக அதிகமாக எடுக்கப்படுவதும் மிகக் குறைவாகக் குறிப்பெழுதப்படுவதும் அன்றாடக் காட்சிகள்தான். களை பறிக்கும் பெண்கள், நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்த மூட்டைகள், கல்குவாரி லாரி எழுப்பும் புழுதி, மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். 'எங்க ஊர் அழகு' என்று ஒரு வரி போட்டுப் பகிர்ந்துவிட்டால் முடிந்தது. இந்த வட்டாரத்தில் குவாரிகள் வந்தபின் குன்றுகள் உருமாறியிருக்கின்றன, பாலாற்று மணல் குறைந்திருக்கிறது. அவை முன்பு எப்படி இருந்தன என்று காட்ட வல்லவை, யாரோ எதேச்சையாக எடுத்த குடும்பப் படங்களின் பின்னணிகள்தான். தேதி இருந்தால் அவை சாட்சி சொல்லும்.

அன்றாடத்தை எடுப்பதில் யாரை, எந்த உரிமையில் என்ற கேள்வியும் உண்டு. மதுரையின் எம். பழனிக்குமார் கடன்பட்டு வாங்கிய கேமராவில் தொடங்கி, மலக்குழி மரணங்களையும் துப்புரவுத் தொழிலாளர் வாழ்வையும் பதிவு செய்துவருகிறார். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படமெடுக்கவும் கற்றுத்தருகிறார். 2022-ல் தயாநிதா சிங் - பாரி (ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணகம்) ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. அவர் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது. களத்துமேட்டில் படமெடுக்கும் நம் ஊர் இளைஞர்கள் பின்பற்ற வேண்டியது இதைத்தான்: கேட்டு எடுங்கள், பெயரைக் கேளுங்கள், எடுத்த படத்தை அவரிடம் கொடுங்கள். அடுத்த கட்டமாக, வயலில் வேலை செய்யும் பெண்களே தங்கள் மொபைலில் எடுக்கும் படங்களை நாம் தேடிப் பார்க்க வேண்டும். அவற்றில் இருக்கும் கோணம் வரப்பில் நின்று எடுப்பவருக்குக் கிடைக்காது.

மொபைல் காலத்தின் சிக்கல், படங்கள் எளிதில் கிடைப்பதைப் போலவே எளிதில் தொலைவதும்தான். எடுக்கும்போதே தேதியும் நேரமும் படத்துக்குள் பதிகின்றன, அனுமதித்திருந்தால் இடமும் பதிகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு அந்த விவரங்களும் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே போகும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி இழப்பு நிற்கும். பொதுவில் வைக்க விரும்புகிறவர்களுக்கு விக்கிமீடியா பொதுவகம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011-12-ல் நடத்திய ஊடகப் போட்டி தமிழர் வாழ்வின் படங்களைப் பெருமளவில் அங்கே கொண்டுவந்து சேர்த்தது. நாளும் விளக்கமும் கேட்டு வாங்கியே பொதுவகம் படத்தை ஏற்றுக்கொள்கிறது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் பழைய ஆல்பம் வைத்திருப்பவர்கள் ஒரு விடுமுறையில் அதை எடுத்து, வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று கேட்டுப் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். புதிதாக எடுப்பவர்கள் ஏரிக்கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்து, ஆடியிலும் தையிலும் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். பள்ளிகளும் கிளை நூலகங்களும் ஆளுக்கொரு ஆல்பம் தொடங்கி, குறிப்போடு வரும் படங்களை வாங்கிச் சேர்த்துவைக்க வேண்டும்.