தொடங்கிய குளிசை எப்போது நிற்கும்?

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் நமது அம்பாறைக் கரையோர ஊர்களில் உம்மாவையும் வாப்பாவையும் முதியோர் இல்லத்துக்கு அனுப்பும் வழக்கம் வேரூன்றவில்லை. மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடித்துவைப்பது நமது முறை. பெற்றோரின் கடைசிக் காலமும் பெரும்பாலும் அந்த மகளின் பொறுப்பிலேயே கழிகிறது. இது பெருமைக்குரிய ஏற்பாடுதான். ஆனால் மேற்கு நாடுகளின் முதியோர் இல்லங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக நடக்கும் ஒரு மருத்துவ விவாதம் நம்மைத் தொடாது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. மறதி நோய் உள்ளவர்களின் குழப்பத்தை அடக்க மனப்பிறழ்வு மருந்துகளைக் கொடுப்பது சரியா என்பதே அந்த விவாதம்.

'அறளை பேந்திட்டு' என்று ஊர் ஒரு சொல்லில் முடித்துவிடும் இந்த நோய் மறதியோடு நிற்பதில்லை. காசை மருமகன் எடுத்துவிட்டான் என்ற சந்தேகம் வரும். மஃரிப் நேரத்தில் பதற்றம் கூடும். சொந்த வீட்டில் இருந்துகொண்டே "எங்கட வீட்ட போவோம்" என்று அழுவார்கள். குளிப்பாட்ட வரும் கையை அடிப்பார்கள். பல இரவுகள் உறங்காத மகள் வைத்தியரிடம் போய் நிற்கும்போது ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், குவெட்டியபின் ஆகியவற்றில் ஒன்று எழுதப்படுகிறது. இவை முதன்மையாக மனச்சிதைவு போன்ற நோய்களுக்காக உருவானவை.

இந்த மருந்துகளை முற்றாக ஒதுக்குவது நியாயமல்ல. கடும் ஆவேசத்துக்கும் மாயத்தோற்றங்களுக்கும் ரிஸ்பெரிடோன் ஓரளவு பலன் தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அல்சைமர் நோயில் வேறு வழிகள் பலிக்காத விடாத ஆவேசத்துக்கு, 6 வாரங்கள் வரை மட்டும், பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் ரிஸ்பெரிடோனுக்கு அனுமதி உண்டு. சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று நம்பிப் பட்டினி கிடக்கும் முதியவருக்கு மருந்தை மறுப்பதும் கொடுமைதான்.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மறதி நோய் உள்ள முதியவர்கள் இறக்கும் வாய்ப்பு, போலி மருந்து எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், புதிய வகை மருந்துகளை எடுத்தவர்களில் ஏறக்குறைய 1.6 முதல் 1.7 மடங்காக இருந்தது. 2008இல் பழைய வகைகளுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. பாரிசவாதம், நிமோனியா, விழுந்து எலும்பு முறிதல், உடல் இறுக்கம் என்று ஆபத்துகள் நீள்கின்றன. ஒலன்சபின் சீனி வருத்தத்தைக் கூட்டக்கூடியது. லூயி உடல் மறதி நோய் (Lewy body dementia) என்ற வகை உள்ளவர்களுக்கு இந்த மருந்துகள் உயிராபத்தாகவே முடியலாம்.

பிரித்தானிய அரசுக்காகப் பேராசிரியர் சுபே பானர்ஜி 2009இல் எழுதிய அறிக்கை இலாப நட்டத்தை எண்களில் வைத்தது. ஆண்டுக்கு 1,80,000 பேருக்கு இம்மருந்துகள் கொடுக்கப்பட்டால் பலன் பெறுவோர் அதிகபட்சம் 36,000 பேர்; மேலதிக மரணங்கள் 1,800. அறிக்கைக்குப் பிறகு நடந்த கணக்கெடுப்பில், மறதி நோய் உள்ளவர்களில் இவற்றைப் பெறுவோர் 2006இல் சுமார் 17 வீதமாக இருந்து 2011இல் சுமார் 7 வீதமாகக் குறைந்திருந்தனர். எண்ணிப் பார்த்ததால்தான் அந்தக் குறைவு அங்கே தெரிந்தது.

நமது குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள இல்லத்தில் பதிவேடு இருக்கிறது, மேற்பார்வை செய்ய அதிகாரி இருக்கிறார். நமது வீட்டு அறைக்குள் எழுதிவைப்பவர் யாருமில்லை. நோயாளியை அழைத்துப்போவது கஷ்டம் என்று மகன் கிளினிக் கொப்பியை மட்டும் கொண்டுபோய் அடுத்த மாதத்துக்கான குளிசையை வாங்கி வந்தால், வைத்தியர் பார்ப்பது கொப்பியைத்தான். உம்மா சத்தம் போடுவதில்லை என்பதை வீடு சுகம் என்று எடுத்துக்கொள்கிறது. அவர் நடை தளர்ந்து, வாய் திறக்காமல், பாதி உறக்கத்தில் கிடப்பது எவர் கணக்கிலும் வருவதில்லை. சில வாரங்களுக்கென்று தொடங்கியது வருடக்கணக்கில் ஓடுவது இப்படித்தான்.

குளிசைக்கு முன்பு காரணத்தைத் தேட வேண்டும். நோர்வே முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடந்த, 2011இல் வெளியான ஆய்வில், பரசிட்டமோலில் தொடங்கி வலிக்கு ஒழுங்காக மருந்து கொடுத்ததாலேயே 8 வாரங்களில் கிளர்ச்சி 17 வீதம் குறைந்தது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காது மந்தம், கண்புரை எல்லாமே ஆவேசமாக வெளிப்படலாம். நமது பேச்சும் காரணமாகலாம். மீண்டும் தொழ எழும்பும் வாப்பாவை "இப்பதானே தொழுதீங்க" என்று தடுத்தால் சண்டைதான் வரும். புத்தி நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை என்பது மார்க்கச் சட்டம். எனவே அவர் தொழுவதையும் மறப்பதையும் திருத்த வேண்டிய அவசியமில்லை. பழைய நினைவும் காரணமாகலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். "கடல் வருது" என்று ஒரு மூதாட்டி அலறினால் அது அன்றைய நாளின் நினைவாக இருக்கலாம். முதலில் வேண்டியது கையைப் பிடித்துக்கொள்ளும் ஒருவர்.

அந்த ஒருவர் எப்போதும் மகளாகவே இருக்க முடியாது. துணைக்கு ஆள் கொடுக்காமல் "மருந்து கொடுக்காதே" என்று அவளிடம் சொல்வது அநீதி. ஆண்மக்களும் பேரப்பிள்ளைகளும் இரவு முறையைப் பங்கிட வேண்டும். ஜமாஅத்துகள் இதையும் பொதுக் கடமையாக எடுக்க வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்வது தெளிவானது. 4 வாரத்தில் பலனில்லையென்றால் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். பலன் இருந்தாலும் 4 மாதத்துக்குள் குறைத்துப் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது சிலருக்குக் குழப்பம் திரும்பலாம் என்பதால் வீட்டார் தாமாகத் திடீரென நிறுத்தக்கூடாது. அடுத்த கிளினிக்குக்கு உம்மாவையும் கூட்டிப் போங்கள். இந்தக் குளிசை எதற்கு, எத்தனை வாரத்துக்கு, திரும்பப் பார்ப்பது எந்தத் திகதியில் என்று கேளுங்கள். பதிலைக் கொப்பியில் எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. நிறுத்தும் திகதி எழுதப்படாத மனப்பிறழ்வு மருந்து மறதி நோயாளிக்கு அரைகுறை வைத்தியமே.