இறக்கும் கையைப் பாருங்கள்

ஆணழகன் போட்டியில் மடக்கிய கையின் புடைப்பைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள், ஒரு மூட்டு அசையும் அழகைப் பார்க்க வாருங்கள் என்றால் மட்டும் "அது டாக்டர் சமாச்சாரம்" என்று நழுவிவிடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. இதற்குப் படிப்பே வேண்டாம்.

அடிப்படை கொஞ்சம்தான். தசைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் எதிரெதிரே தசைகள். முழங்கையை முன்பக்கத்து பைசெப்ஸும் அதன் கூட்டாளிகளும் மடக்கும். பின்பக்கத்து டிரைசெப்ஸ் நீட்டும். ஒன்று இழுக்கும்போது எதிராளியைத் தளர்த்தும் வேலையைத் தண்டுவடமே பார்த்துக்கொள்கிறது. இதை ஆராய்ந்த ஷெரிங்டன் 1932-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். போதும்.

விஷயம் இனிமேல்தான். தண்ணீர் நிறைந்த சொம்பைத் தூக்கி, மெல்ல இறக்குங்கள். முழங்கை நீள்கிறது. நீட்டுவது டிரைசெப்ஸ்தானே? இல்லவே இல்லை! மறு கையால் தொட்டுப் பாருங்கள். பின்பக்கம் தொளதொளவென்று கிடக்கும், முன்பக்கம்தான் கல். கையை இறக்குவது சொம்பின் கனம். பைசெப்ஸோ, கிணற்றுக் கயிற்றை விட்டு விட்டுப் பிடிப்பவரைப் போல, இழுத்துக்கொண்டே நீண்டு கொடுக்கிறது. இப்போது நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்திருங்கள். பின்பக்கம் இறுகும். அதே முழங்கை, அதே நீட்டல், ஆள்தான் வேறு.

"ஒன்று சுருங்கும், மற்றது தளரும்" என்று அம்புக்குறி போட்டு முடித்துவிடும் படங்கள் இதைச் சொல்வதே இல்லை. எடையைத் தூக்கிவிட்டுத் தொப்பென்று போடும் ஜிம் வீடியோக்களில் பாதி ஆட்டம்தான் இருக்கிறது.

இழுத்துச் சுருங்கும் வேலையையும் இழுத்தபடி நீளும் வேலையையும் ஒப்பிட, 1952-ல் இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர் பின்னோக்கி வரும் பெடலைத் தடுத்தார். விசை இருவருக்கும் ஒன்றே. ஆனால் தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன் மிகக் குறைவு. செலவு குறைவென்றாலும் நோவு அதிகம்: மலை ஏறிய அன்றைவிட, இறங்கிய மறுநாள் தொடை ஏன் அப்படி வலிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

பரதநாட்டியத்துக்குப் போனால், முழங்காலை முழுக்க மடக்கி அமரும் முழுமண்டிக்கு இறங்கும் கணத்தைப் பாருங்கள். விமர்சகர்கள் ஜதியின் வேகத்தை மாய்ந்து மாய்ந்து எழுதுவார்கள், இந்த இறக்கத்துக்கு ஒரு வரி கொடுக்கமாட்டார்கள். முழங்காலை மடக்குவது உடலின் கனம். நிதானம் முழுவதும் முழங்காலை நீட்டும் முன்தொடைத் தசையின் கையில். உடை தொடையை மறைக்குமே என்கிறீர்களா? உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: தலையைக் கவனியுங்கள். கடைசி ஒரு சாண் வரை ஒரே வேகத்தில் இறங்கினால் தொடை பிடித்திருக்கிறது. முடிவில் சடக்கென்று விழுந்தால் விட்டுவிட்டது. இதற்குப் பக்கவாட்டு இருக்கைதான் உத்தமம். டிக்கெட்டும் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும்.