பக்கத்து இருக்கைக்காரரின் பெயர்

2025 மே 18, ஞாயிறு மாலை. வேளச்சேரி வீட்டில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு கட்டடத்துக்கு விடைகொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிவர்பூல் நகரத்தின் குடிசன் பார்க், 1892-இலிருந்து எவர்டன் கால்பந்து அணியின் வீடு. அணி ஆற்றங்கரையில் பிராம்லி-மூர் டாக் என்ற பழைய கப்பல்துறையில் கட்டிய புது ஸ்டேடியத்துக்குப் போகிறது. ஆண்கள் அணி குடிசனில் ஆடும் கடைசி ஆட்டம் அன்றுதான். சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்றார்கள். இரண்டு கோலையும் அடித்தவர் இலிமான் என்டியாயே. விசில் ஊதியதும் அறுபது வயது ஆட்கள் எல்லாம் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

அடுத்த சில வாரங்களில் குடிசனுக்கான இரங்கல் கட்டுரைகள் நிறையப் படித்தேன். நான்கைந்துக்கு மேல் அடுத்த வரியை நானே சொல்லிவிட முடிந்தது. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறுவது, திடீரென்று கண்ணில் படும் பச்சைப்புல், புகையிலை வாசனை. கடைசியில் ‘இனி அப்படி ஒரு சத்தம் எழப்போவதில்லை.’ எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. அந்தச் சத்தம் எங்கே இருந்தது? கட்டடத்திலா, ஆட்களிடமா? இதற்குப் பதில் தெரியாமல் ஒரு கிளப் பழைய ஸ்டேடியத்தை விட்டுப் போகலாமா கூடாதா என்று பேசுவதில் அர்த்தமில்லை.

நான் ஒரே ஒரு முறை குடிசனுக்குப் போயிருக்கிறேன். ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஆன்சைட் வேலையாக மான்செஸ்டரில் இருந்தபோது, எதிர் மேசையில் இருந்தவர் கூட்டிப்போனார். ஐம்பதைத் தாண்டியவர், எவர்டன் ரசிகர். கோலுக்குப் பின்னால் இருக்கும் குவ்லாடிஸ் ஸ்ட்ரீட் கேலரியில் அவரும் இன்னும் நான்கு பேரும் வருடக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அந்த வாரம் ஐந்தாவது ஆளுக்கு உடம்பு சரியில்லை. அவருடைய சீசன் டிக்கெட்டில்தான் நான் உட்கார்ந்தேன். உட்காருவதற்கு முன்பே பக்கத்தில் இருந்தவர், “இன்னைக்கு மட்டும்தான், சரியா?” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் முன்னால் ஒரு தூண். கோல் கம்பத்தில் பாதி தெரியாது. கால் நீட்ட இடமில்லை. ஆட்டம் மகா மட்டம். ஆனால் ‘இசட் கார்ஸ்’ என்ற பழைய டிவி போலீஸ் தொடரின் இசை ஒலிக்க ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தபோது கூட்டம் எழுப்பிய சத்தத்தை நான் காதால் கேட்டேன் என்று சொல்ல முடியாது. விலா எலும்பால் கேட்டேன்.

நான் இன்ஜினியர். வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். தலைக்கு மேல் ஐந்து மீட்டரில் கூரை இருந்தால், நான் கத்துவது மேலே போய்த் திரும்பிவர 30 மில்லி செகண்ட். அவ்வளவு சின்ன இடைவெளியைக் காது பிரித்துப் பார்ப்பதில்லை. அசல் சத்தமும் எதிரொலியும் ஒன்றாகச் சேர்ந்து, என் குரலே எனக்குப் பெரிதாகக் கேட்கும். பெரிதாகக் கேட்டால் இன்னும் கத்துவேன். கூரை முப்பது மீட்டர் உயரத்தில் இருந்தாலோ திரும்பிவர 175 மில்லி செகண்ட் ஆகும். அது தனியாக, ஒரு படி பின்னால் வரும். மைதானத்தின் எதிர்முனையில் பாடுபவரின் குரல் என்னை எட்ட ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் நான் பாட்டில் அடுத்த அசைக்குப் போயிருப்பேன். எங்கள் தொழிலில் இதற்கு லேட்டன்சி என்று பெயர். நாற்பதாயிரம் பேர் ஒன்றாகப் பாடுகிறார்கள் என்பது ஒரு பிரமை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருக்கும் பத்து பேரோடுதான் பாடுகிறார்கள். அந்தப் பத்து பேர் அடுத்த பத்து பேரோடு.

ஆக, சத்தத்தின் ஒரு பாதி கட்டடம்தான். குடிசனின் கேலரிகளை வடிவமைத்த ஆர்ச்சிபால்ட் லீச் ஸ்காட்லாந்துக்காரர், தொழிற்சாலைகள் கட்டிப் பழகிய பொறியாளர். குறைந்த இடம், குறைந்த செலவு, தாழ்ந்த கூரை. அவர் யாருக்காகவும் ‘சூழல்’ கட்டவில்லை. சிக்கனம் பிடித்தார், சத்தம் இலவசமாக வந்தது.

மறுபாதி என்ன? இந்த இடத்தில் நிக் ஹார்ன்பியின் ‘ஃபீவர் பிட்ச்’ உதவுகிறது. 1992-இல் வந்த இந்த நூல், ஆர்சனல் ரசிகராக அவர் வளர்ந்த கதை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு ஆட்டமும் தேதியும்தான் தலைப்பு. கால்பந்தைப் பற்றி எழுதும் எல்லோரும், மேலே சொன்ன இரங்கல் கட்டுரையாளர்கள் உட்பட, ஏதோ ஒரு விதத்தில் ஹார்ன்பியின் பிள்ளைகள். ஆனால் பிள்ளைகள் அப்பாவைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் வாதம்.

பெற்றோர் பிரிந்த பிறகு, 1968-இல் ஹார்ன்பியை அவர் அப்பா ஹைபரி மைதானத்துக்கு முதல்முறை கூட்டிப்போகிறார். அந்தப் பதினோரு வயதுப் பையனை அதிகம் பாதிப்பது பச்சைப்புல் இல்லை. சுற்றிலும் இருக்கும் பெரியவர்கள் அங்கே இருப்பதை எவ்வளவு வெறுக்கிறார்கள் என்பதுதான். காசு கொடுத்து வந்து, முகத்தைச் சுளித்து, சொந்த அணியைத் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கூட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான கவனிப்பை நான் படித்ததில்லை. கூட்டத்தின் சூழல் என்பது கொண்டாட்டம் மட்டுமில்லை. சேர்ந்து சலித்துக்கொள்ள, சேர்ந்து கோபப்பட ஒரு இடம். குடிசனில் நான் பார்த்ததும் அதுதான். தொண்ணூறு நிமிடத்தில் எழுபது நிமிடம் அந்த நான்கு பேரும் புலம்பினார்கள். புலம்பலிலேயே ஒரு தாளம் இருந்தது. ஒருவர் ஆரம்பித்த வசையை இன்னொருவர் முடித்தார்.

ஹார்ன்பியிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. கூட்டத்தை இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர், அதைக் கடைசியில் தன் தனிமைக்கான பின்னணியாக ஆக்கிக்கொள்கிறார். அவர் தேடுவது தனக்கான ஒரு இடம். கிடைத்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு அந்த இடம் என்ன என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. பின்னால் வந்தவர்கள் கூர்மையை விட்டுவிட்டு இந்தக் குறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் எல்லா இரங்கல் கட்டுரைகளிலும் ‘என் தாத்தா’ இருக்கிறார், பக்கத்து இருக்கைக்காரர் இல்லை.

பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால் பழைய ஸ்டேடியத்தின் இன்னொரு கதையும் வெளியே வரும். லீச் வடிவமைத்த கிளாஸ்கோவின் இப்ராக்ஸ் மைதானத்தில் 1902-இல் மரப்படிகள் உடைந்து 25 பேர் செத்தார்கள். 1985-இல் பிராட்ஃபோர்டில் பழைய மரக் கேலரி பற்றி எரிந்து 56 பேர். 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில், நெரிசலில் நசுங்கி இறந்தவர்களின் எண்ணிக்கை இன்று 97. அனைவரும் லிவர்பூல் ரசிகர்கள், குடிசனுக்கு அடுத்த தெருக்காரர்கள் என்றே சொல்லலாம். நெருக்கமாக நின்றால் சத்தம் நன்றாக வரும். மூச்சும் நின்றுபோகும்.

இன்னொரு படமும் என் மனதில் உண்டு. 1988-இல் குடிசனில் எவர்டனும் லிவர்பூலும் மோதிய ஆட்டம். கூட்டத்திலிருந்து எறியப்பட்ட வாழைப்பழத்தை, லிவர்பூலின் கறுப்பின வீரர் ஜான் பார்ன்ஸ் குதிகாலால் தட்டி வெளியே தள்ளுகிறார். உலகப் புகழ்பெற்ற புகைப்படம். அந்தக் கூட்டத்தின் நடுவில், என் நிறத்தோடு, உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சூடான தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனாலும் திரும்பி வரும்போது காரில் எதிர் மேசைக்காரரிடம் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம் சொன்னார்: “நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். நான் எறியல. ஆனா எறிஞ்சவனை ஒண்ணும் கேக்கவும் இல்ல.”

‘இனி அப்படி ஒரு சத்தம் எழப்போவதில்லை’ என்று எழுதுபவர்கள் இந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா? ஒருவரையொருவர் அறிந்த கூட்டத்தில் வசையும் வேகமாகப் பரவும், மௌனமும் வேகமாகப் பரவும்.

சரி, விட்டுப் போனவர்கள் கதை என்ன? வெஸ்ட் ஹாம் 2016-இல் 112 வருடப் பழைய அப்டன் பார்க்கை விட்டு, ஒலிம்பிக்குக்காகக் கட்டிய லண்டன் ஸ்டேடியத்துக்குப் போனது. ஓட்டப்பாதைக்காக வடிவமைத்த இடம், அதனால் புல்தரைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே பெரிய இடைவெளி. என் கணக்குப்படி இது தோற்றே ஆகவேண்டிய கட்டடம். 2018 மார்ச்சில் பர்ன்லி ஆட்டத்தின்போது ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். உரிமையாளர்களைப் பார்த்துக் கத்தினார்கள்.

ஆனால் 2022 மார்ச் 17-ஐ என்ன செய்வது? அதே ஸ்டேடியம், ஸ்பெயினின் செவியாவுக்கு எதிரான ஐரோப்பா லீக் ஆட்டம். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை அடித்தவர் ஆந்திரி யார்மொலென்கோ, உக்ரைன்காரர். அவர் நாட்டின்மீது ரஷ்யா படையெடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அன்று அந்த ஸ்டேடியம் அதிர்ந்த அதிர்வில் என் மில்லி செகண்ட் கணக்கெல்லாம் ஓரமாகப் போய்விட்டது. கூரை அதேதான், இடைவெளி அதேதான். ஆறு வருடத்தில் புது இடத்திலும் ஆட்கள் பக்கத்து ஆட்களைக் கண்டுபிடித்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பிழைப்புக்கு நான் செய்வதும் இந்த வேலைதான். இருபது வருடப் பழைய மென்பொருளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றுவது. டேட்டாவை மாற்றுவது சுலபம். ஆவணத்தில் எங்கேயும் எழுதாத, நாலு பேருக்கு மட்டும் தெரிந்த வழக்கங்கள்தான் வழியில் தொலையும். தொலைந்ததே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

குடிசனிலும் அதுவே நடக்க இருந்தது. எதிர் மேசைக்காரர் சொல்லித்தான் தெரியும். புது ஸ்டேடியத்தில் சேர்ந்து இருக்கை எடுக்க வேண்டுமென்றால் ஐவரும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்ய வேண்டும். அப்போதுதான் ஒரு விஷயம் அவர்களுக்கு உறைத்திருக்கிறது. வருடக்கணக்காகத் தோளோடு தோள் உரசியவர்களிடம் ஒருவர் தொலைபேசி எண் மற்றவரிடம் இல்லை. ஒருவரின் முழுப்பெயரே தெரியாது. தேவைப்படவில்லை. சனிக்கிழமை வந்தால் அவர் அங்கே இருப்பார், அவ்வளவுதான். ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து பேரும் பெயரும் எண்ணும் எழுதிக்கொண்டார்களாம்.

கிளப் போகலாமா என்று கேட்டால் என் பதில், போகலாம். எதிரி அணியான லிவர்பூல் ஆன்ஃபீல்டிலேயே இருந்துகொண்டு அதைப் பெரிதாக்கியது உண்மை. குடிசனுக்கு அந்த வசதி இல்லை. சுற்றிலும் வீடுகள், ஒரு மூலையில் கேலரிகளுக்கு நடுவே செயின்ட் லூக் தேவாலயம். அதோடு, எவர்டனுக்கு இடம்பெயர்வது புதிதும் அல்ல. 1892 வரை அவர்கள் ஆடியது அதே ஆன்ஃபீல்டில்தான். வாடகைத் தகராறில் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். காலியான மைதானத்துக்கென்று ஜான் ஹௌல்டிங் தொடங்கிய புது கிளப்தான் லிவர்பூல். இன்று கண்ணீர் விடும் பழைய வீடே ஒரு காலத்தில் போன புது வீடு.

ஆனால் போகும்போது கூரை எவ்வளவு தாழ்வு, கேலரி எவ்வளவு செங்குத்து என்பதோடு நிறுத்தக்கூடாது. யாருக்குப் பக்கத்தில் யார், எவ்வளவு விலைக்கு என்பதையும் கட்டட வரைபடத்தின் பகுதியாகவே பார்க்க வேண்டும். ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு எல்லோருக்கும் இருக்கை போடச்சொன்ன நீதிபதி டெய்லர், அதற்காக விலை ஏறவேண்டியதில்லை என்றும் எழுதினார். இப்ராக்ஸில் ஆறு பவுண்டுக்கு இருக்கை கிடைப்பதை உதாரணமாகக் காட்டினார். இருக்கை வந்தது. ஆறு பவுண்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். விலையால் ஒருவர் விலகினால் இழப்பு ஒரு டிக்கெட் மட்டுமில்லை, அவர் ஆரம்பித்து வைக்கும் வசையும்தான்.

2025 ஆகஸ்ட் 24-இல் எவர்டன் புது ஸ்டேடியத்தில் முதல் லீக் ஆட்டம் ஆடி, பிரைட்டனை 2-0 என்று வென்றது. 1892-இல் குடிசன் திறக்கப்பட்டதும் ஒரு ஆகஸ்ட் 24-தான். முதல் கோல் மறுபடியும் என்டியாயே. அன்று இரவு எதிர் மேசைக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் வரவில்லை. நான் ஒருநாள் உட்கார்ந்த இருக்கைக்குச் சொந்தக்காரர். வீட்டிலிருந்து குடிசனுக்கு ஐந்து நிமிட நடை, கப்பல்துறைக்கு இரண்டு மைல், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. குடிசனை இடிக்கவில்லை, இப்போது எவர்டனின் பெண்கள் அணி அங்கே ஆடுகிறது. அவர் அதைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

“சத்தம் எப்படி?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கு. கொஞ்சம் லேட்டா வருது, பழகிடும்” என்று பதில் வந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொரு வரி: “அவர் எண் இப்ப எங்கிட்ட இருக்கு. பாதி ஆட்டத்துல போன் பண்ணேன். ரெண்டு பேரும் சேர்ந்து ரெஃப்ரியைத் திட்டினோம்.”