மூன்று உருளைகள்

வீட்டுக்குள் சைக்கிள் ஓட்ட, திரையும் மின்சாரமும் கேட்கும் விலையுயர்ந்த பயிற்சிக் கருவிகளைவிட எனக்குப் பிடித்தது, மூன்று உருளைகள் பதித்த எளிய சட்டம்தான். பின்சக்கரத்துக்கு இரண்டு, முன்சக்கரத்துக்கு ஒன்று. இடையில் ஓடும் பெல்ட் பின்னுருளையின் சுழற்சியை முன்னே கடத்துகிறது. சைக்கிளை எதுவும் பிடித்துக்கொள்வதில்லை. ஓட்டம்தான் அதை விழாமல் தாங்குகிறது.

சுவரில் கையூன்றி மெல்ல மிதித்தால் முதலில் கரகரப்பு. வேகம் கூடக்கூட அது தம்பூராபோல ஒரே சீரான ரீங்காரமாகிறது. (முள் டயர் மாட்டினால் வீடே அதிரும், வழவழப்பான டயர்தான் லாயக்கு.) பார்வை முன்சக்கரத்தில் விழுந்தால் தடுமாற்றம், எதிர்ச்சுவரில் நின்றால் நிதானம். பழகியவர் ஒரு கையை எடுத்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க வேண்டும்: முழங்கால்கள் ஏறி இறங்க, தோளில் அசைவே இருக்காது. மின்விசிறி மட்டும் அவசியம். எதிர்க்காற்று இல்லாத ஓட்டத்தில் வியர்வை கொட்டும்.