பாறை முடிந்து மதில் தொடங்கும் இடம்

செஞ்சிக் கோட்டை என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஒரே படம்தான். முன்னால் நெல்வயல், நடுவில் கல்யாண மகால், பின்னால் ராஜகிரி. நல்ல படம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதில் கோட்டை தெரியுமே தவிர, கட்டியவனின் கைவேலை தெரியாது. அது தெரிய வேண்டுமானால் ராஜகிரி ஏறுகிற வழியில், மதில் போய்ப் பாறையைத் தொடும் இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் ஓர் உருண்டைப் பாறை. மதில் அதை நோக்கி நேராக வருகிறது. பாறையை உடைத்து வழி பண்ணியிருக்கலாம். உளிக்கும் ஆளுக்கும் அங்கே பஞ்சம் இருந்திருக்காது. கல்தச்சன் அப்படிச் செய்யவில்லை. பாறையை அப்படியே விட்டுவிட்டு, அதன் வயிற்று வளைவுக்குத் தக்கபடி தன் கல்லின் ஓரத்தைச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறான். கீழ்வரிசைக் கல்லில் வளைவு அகலமாக விழுகிறது. மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசி வரிசையில் நேர்கோடாகிவிடுகிறது. இடையில் சாந்து இல்லை. விரல் நுழைய இடமில்லாத அந்தக் கோட்டில் எறும்பு மட்டும் போய்வருகிறது. அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு கைப்பிடிச் சுவர், துப்பாக்கி நீட்டுவதற்குச் சாய்வான துளைகளோடு. அது பின்னால் வந்தவர்கள் கட்டியது. யாரும் கட்டாத பாறை, நாயக்கர் காலத்துக் கருங்கல், அதன் பிறகு வந்த செங்கல் என மூன்றும் ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த ஓர் இடத்துக்காகவே செஞ்சிக்குப் போகலாம் என்பேன்.

எங்கள் புதுச்சேரியின் நெட்டப்பாக்கம், ஏம்பலம், பாகூர்ப் பக்கமெல்லாம் சமதரை. கரும்பு, நெல், ஏரிக்கரை, அதற்கப்பால் வானம். மடுகரை வழியாக விழுப்புரம் போய்ச் செஞ்சி பஸ் ஏறினால், சன்னலில் முதல் குன்று தெரியும்போதே எங்களுக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். பஸ்ஸில் இருக்கிற செஞ்சிக்காரர்கள் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பக்கத்திலேயே இருப்பதை யார் பார்க்கிறார்கள்!

காலையில் போவது நல்லது. கோட்டையின் மூன்று குன்றுகளில் ராஜகிரி மேற்கே, கிருஷ்ணகிரி வடக்கே, சந்திரகிரி தென்கிழக்கே இருக்கிறது. மூன்றையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது. ராஜகிரியின் வாசல் முகம் கிழக்குப் பார்த்தது. ஆகவே காலை வெயில் மதில்மேல் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு கல்லின் புடைப்பையும் எடுத்துக் காட்டும். பத்து மணிக்கு மேல் வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். பிற்பகல் ஆனால் மலை ஏறவும் விடமாட்டார்கள். முக்காலி வைத்துப் படம் எடுக்கத் தொல்லியல் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். முக்காலி இல்லாவிட்டால் என்ன, சாய்ந்து நிற்க மதில் இருக்கிறது. தின்பண்டத்தை மட்டும் பைக்குள் மூடி வையுங்கள். குரங்குகள் காமிராவை விட்டுவிடும், பிஸ்கட்டை விடாது.

கல்யாண மகாலைத் தூரத்திலிருந்து எடுத்தால் ஒரு கோபுரம். உள்ளே போய் நின்றால் அது நிழல்களை அடுக்கி வைத்த வீடு. சதுரமான முற்றம், சுற்றிலும் வளைவு வைத்த தாழ்வாரம், நடுவில் மாடிக்கு மேல் மாடியாக மேலே போகப் போகச் சிறுத்து, கூர்மாடத்தில் முடியும் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் ஒரே அறை, அதைச் சுற்றி வளைவுகள். படிக்கட்டில் ஒருவர் இறங்கினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வளைவு ஒவ்வொன்றும் வெளியை ஒரு படமாக வெட்டிக் கொடுக்கிறது. ஒன்றில் குதிரை லாயம், ஒன்றில் மதில், ஒன்றில் வெறும் வானம். நமக்கு வேலையே வைப்பதில்லை. இதில் என்னைக் கவர்ந்தது வளைவுகளைவிடச் சுட்டமண் குழாய்தான். வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய் வழியாகவே மேல்மாடிவரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். உயரத்தில் தேக்கிய நீரைக் கீழே இறக்கிவிட்டால் மறுபக்கம் அந்த உயரத்துக்கு அது தானே ஏறும், அவ்வளவுதான் சூத்திரம். நம் ஊரில் மேல்நிலைத் தொட்டியும் இதே கணக்கில்தான் நடக்கிறது. உடைந்த குழாயின் வாயைக் கிட்டப் போய் எடுத்தால் ராணிகளின் சிங்காரத்தை எல்லாம்விட அதில்தான் அரண்மனை வாழ்க்கை தெரிகிறது.

கோட்டைக் களஞ்சியம் உள்ளே இருட்டு. வௌவால் வாடை. வாசல் வழியே வரும் வெளிச்சம் நாலடி போய் நின்றுவிடும். கண் பழகிய பிறகு கூரையின் வளைவு மெல்லத் தெரியத் தொடங்கும். அதைப் படமெடுக்க எனக்குத் தெரியவில்லை, அதனால் நகர்ந்துவிடுகிறேன்.

ராஜகிரியின் உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து கிடக்கிறது. பிளவு 24 அடி அகலம், 60 அடி ஆழம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் போட்ட பாலம் ஒன்றுதான் வழி. அந்தக் காலத்தில் பலகையை இழுத்துக்கொண்டால் மேலே பத்துப் பேர் போதும், கீழே எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். “சார், பாலத்துமேல நின்னு செல்ஃபி எடுக்காதீங்க, அந்தாண்டை போயி எடுங்க” என்று காவலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தாண்டை போனால் ரங்கநாதர் கோயிலும் ஒரு பீரங்கியும் இருக்கின்றன. பீரங்கியின் இரும்பு வெயிலில் தொட முடியாமல் கொதிக்கிறது. அதன் வாய் நீளுகிற திசையில் இப்போது இருப்பது திண்டிவனம், திருவண்ணாமலை போகிற பஸ்கள்.

முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் இந்த மலையை வளைத்தார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-இல். எட்டு வருஷம் எப்படித் தாங்கியது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, மூச்சு வாங்க அந்தப் படிகளில் ஏறித் தெரிந்துகொள்ளலாம். படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று சாண் உயரம், அடுத்தது முழம். வேகமாக ஏறி வருகிறவனுக்குக் கால் இடற வேண்டும் என்றே வைத்தார்களோ, கல் கிடைத்த லட்சணமோ!

இனி கதைகளுக்கு வருவோம். செஞ்சியில் கதை இல்லாத கல் கிடையாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆனந்தக்கோன் மலைப்பொந்தில் புதையல் கண்டெடுத்து முதல் கோட்டையைக் கட்டினான் என்பது ஒன்று. அடிவாரத்தில் இன்றும் ஆடுகள் மேய்கின்றன. மதில் நிழலில் ஆட்டுக்காரர் துண்டை விரித்துப் படுத்திருக்கும் காட்சியை எடுத்தால் அந்தக் கதைக்குத் தனியாக ஒரு படம் வேண்டியதில்லை.

ஆனால் செஞ்சி என்றால் தேசிங்குதான். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: கோட்டைத் தலைவராக இருந்த புந்தேலா ராஜபுத்திரர் சொரூப்சிங் 1714-இல் இறந்தார். மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றார். கப்பப் பாக்கியை முன்னிட்டு ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் படையெடுத்து வந்தார். சில நூறு குதிரைவீரர்களோடு எதிர்த்துப் போன தேஜ்சிங் அந்த வருஷம் அக்டோபரில் போர்க்களத்தில் இறந்தார். அவருக்கு வயது 22. சில மாத ஆட்சி, ஒரு நாள் சண்டை. இந்தச் சிறு பாறைமேல் ஜனங்கள் எழுப்பிய மதில் எவ்வளவு பெரியது! தேஜ்சிங் தேசிங்கு ஆனார். பாராசாரி, நீலவேணி என்று குதிரைகளுக்குக்கூடப் பேர் வந்தது. கல்யாணக் கோலத்தைக் கலைத்துவிட்டு நண்பனுக்காகச் சண்டைக்கு வரும் முகமதுகான் வந்தார். தெருக்கூத்து வந்தது, 1960-இல் எம்.ஜி.ஆர். படமும் வந்தது. வெள்ளம் புரண்டோடும் ஆற்றில் தேசிங்கு குதிரையை இறக்கிய கதையைக் கேட்கும்போது எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். அதே செஞ்சியாறுதான் சங்கராபரணியாகி வில்லியனூரைத் தாண்டி வருகிறது. திருக்காஞ்சியில் மாசிமகத்துக்கு நாங்கள் முழுக்குப் போடுவது அந்தத் தண்ணீரில்தான்.

இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கோட்டைக்கு உள்ளே இல்லை. வடக்கே சில கிலோமீட்டர் தள்ளிச் சிங்கவரத்தில் பல்லவர் குடைந்த கோயில் ஒன்று இருக்கிறது. பாறையிலேயே செதுக்கிய நெடிய பள்ளிகொண்ட பெருமாள், முகம் சற்றே அப்பால் திரும்பியபடி. போருக்கு விடை கேட்டு வந்த தேசிங்கிடம் பெருமாள் ‘போகாதே’ என்றாராம். அவன் கேளாமல் கிளம்பவே, மனம் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். தேசிங்கு பிறப்பதற்குக் கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செதுக்கிய முகம் அது. கதைக்கு அது ஒரு தடையா என்ன? கல்லில் ஏற்கெனவே இருந்த வளைவுக்குத் தன் ஓரத்தைச் செதுக்கிப் பொருத்திக்கொண்டது. ராஜகிரிக் கல்தச்சன் செய்த வேலையை இங்கே கதைசொல்லி செய்திருக்கிறான். இணைப்பில் விரல் நுழைய இடமில்லை. கருவறையில் படமெடுக்கக் கூடாது, எடுக்காதீர்கள். விளக்கொளியில் அந்தக் கழுத்தின் திருப்பத்தைக் கண்ணால் பார்த்தால் போதும்.

ஜெயித்தவருக்கும் ஒரு நினைவு இருக்கிறது. கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பள்ளிவாசலில் பாரசீகக் கல்வெட்டு, கட்டிய ஆண்டு 1717-18 என்று தெளிவாகச் சொல்கிறது. கச்சிதமான சிறு கட்டடம், மூலைகளில் ஒல்லியான மினார்கள். காலை வெயிலில் சுதை வேலைப்பாடு நன்றாகப் படத்தில் விழும். அங்கே கூட்டமே இல்லை. ஜெயித்தவருக்குத் தேதி போட்ட கல் கிடைத்தது, தோற்றவருக்குத் தேதி இல்லாத பாட்டு கிடைத்தது. எது கூடுதல் என்று செஞ்சிக்காரர்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் படைத்தளங்களாக இருந்த 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும். சிவாஜி 1677-இல் பிடித்ததன் பலன் இது. இனிமேல் கூட்டம் கூடும், பலகைகள் முளைக்கும். நல்லதுதான், சிமெண்டு மட்டும் உள்ளே வராமல் இருக்க வேண்டும். சாந்தில்லாத இணைப்பில் சிமெண்டை அப்பினால் அந்த மதிலில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

நம் புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தது. எட்டு வருஷம் தாங்கிய கோட்டை என்பதை நினைத்தால் இது கொஞ்சம் வெட்கக்கேடுதான். புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த 1761-இல் செஞ்சியும் கைமாறியது. அந்த இடைக்காலத்தின் சுவடு அடிவாரத்து வேங்கடரமணர் கோயிலில் தெரிகிறது. கோபுர வாசலின் இரு பக்கமும் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைதலும் சிறு சிறு கட்டங்களாக இன்னும் அழகாக இருக்கின்றன. உள்ளே போனால் மண்டபத்தில் தூண் நிற்க வேண்டிய இடங்கள் சில வெறுமையாக இருக்கின்றன. தூண்கள் எங்கே போயின என்று தேட வேண்டியதில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. மாலையில் அங்கே ஐஸ்கிரீமோடு போகிறவர்கள் ஒருமுறை கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தத் தூண்களின் சிற்பத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செஞ்சியைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் அங்கேயே தொடங்கலாம். நுழைவுச்சீட்டு கிடையாது.