நஞ்சும் வாளும்: 'நிஞ்சா ஸ்க்ரோல்' வரையிலான கால் நூற்றாண்டு

1993 ஜூனில் ஜப்பானில் வெளியான 'ஜூபே நின்பூச்சோ' வெளியுலகுக்கு 'நிஞ்சா ஸ்க்ரோல்' என்ற பெயரில்தான் அறிமுகமானது. மேட்ஹவுஸ் நிறுவனத்துக்காக யோஷியாகி கவாஜிரி எழுதி இயக்கிய 94 நிமிட அனிமேப் படம். சண்டைக் காட்சிகளுக்காக அதைக் கொண்டாடுவார்கள், பாலியல் வன்முறைக்காகக் கண்டிப்பார்கள். இரண்டையும் தனித்தனிக் கணக்காக எழுதி முடித்துவிடுவதே வழக்கம். ஆனால் படத்தின் பலமும் பலவீனமும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேரைத் தேடினால் 1950களின் இறுதிக்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டுகளில் இரண்டு பேர் நிஞ்சாவைப் புதிதாகப் படைத்தார்கள். ஒருவர் ஷிராதோ சன்பெய், இடதுசாரி ஓவியர் ஒருவரின் மகன். 1959இல் தொடங்கிய அவருடைய 'நிஞ்சா புகெய்ச்சோ' என்ற மங்காவில் நிஞ்சாக்கள் உழவர் கிளர்ச்சிகளின் நடுவே நிற்பார்கள். ஒவ்வொரு வித்தைக்கும் மூச்சு, மூலிகை, விலங்கின் இயல்பு என்று ஏதாவது ஒரு காரணத்தை ஷிராதோ விளக்கிவிடுவார். இன்னொருவர் மருத்துவம் படித்துவிட்டு நாவல் எழுத வந்த யமாதா ஃபூதாரோ. 1958-59இல் தொடராக வந்த அவருடைய 'கோகா நின்போச்சோ'வில், தோகுகவா ஆட்சியின் அடுத்த வாரிசு யார் என்பதை முடிவுசெய்ய இரண்டு நிஞ்சாக் குலங்கள் பத்துப் பத்துப் பேராக மோதிச் சாகின்றன. ஒவ்வொருவர் உடலிலும் ஒரு விபரீத ஆற்றல் உண்டு. அதுவே அவரவர் எமனும்.

அனிமே முதலில் ஷிராதோவின் வழியில்தான் நடந்தது. 1968இல் 'சாசுகே', 1969இல் காமுயின் கதை. காமுய் ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன். நிஞ்சாக் கூட்டத்தைவிட்டு ஓடியதால் வாழ்நாள் முழுக்கத் துரத்தப்படுபவன். ஒரு தொலைக்காட்சித் தொடரில், அதுவும் அந்தக் காலத்தில், சாதியையும் தப்பியோடுதலையும் இணைத்துச் சொன்ன துணிச்சலுக்கு ஈடான ஒன்று இந்த வகைமையில் பிறகு வரவில்லை. 1985இல் ரின்தாரோ இயக்கிய 'காமுய் நோ கென்' அதன் தூரத்து உறவு. ஐனு பழங்குடித் தாய்க்குப் பிறந்த ஜிரோவின் கதை. காட்சிகள் கண்ணைப் பறிக்கும். கடற்கொள்ளையர் கேப்டன் கிட்டின் புதையலைத் தேடிக் கதை அமெரிக்கா வரை அலைவதில் அந்த இளைஞனின் துயரம் எங்கோ நழுவிவிடும்.

கவாஜிரி யமாதாவின் பக்கம் திரும்பினார். நாயகன் ஜூபே ஒரு நாடோடி வாள்வீரன். பேராசைக்காகத் தன் கூட்டத்தாரையே ஒருவரையொருவர் கொல்லவைத்த கென்மாவின் தலையை ஐந்தாண்டுகளுக்கு முன் கொய்தவன். அந்தக் கென்மா வெட்டிய உடலை ஒட்டவைத்துக்கொண்டு திரும்பி வருகிறான், எட்டுப் பேய்கள் என்று பேர்பெற்ற கூட்டத்தோடு. கல்லாக இறுகிய தோலுள்ளவன், முதுகின் கூனில் குளவிக்கூடு வளர்ப்பவன், நிழலுக்குள் புகுந்து நடப்பவன், கம்பிவழி மின்சாரம் பாய்ச்சுபவன் என்று ஒவ்வொருவரும் ஒரு புதிர். புதிரை அவிழ்ப்பதுதான் சண்டை. கவாஜிரியின் மேதைமை இங்கே தெரிகிறது. வாள் வீச்சை அவர் விரித்துக் காட்டுவதில்லை. நீண்ட அசைவின்மை, காற்றில் ஆடும் இலை, ஒரு நொடிக்குள் வெட்டு, பிறகு மறுபடி அமைதி. செல்லுலாய்டுத் தாளில் கையால் வரைந்த காலத்தின் சிக்கனத்தை அவர் அழகியலாகவே ஆக்கிவிட்டார். பார்வையற்ற வாள்வீரன் முஜூரோவுடன் மூங்கில் காட்டில் நடக்கும் சண்டையை இந்த வகைமையின் உச்சம் என்று தயங்காமல் சொல்வேன். தன் வாளில் பட்டுத் தெறிக்கும் வெயிலையே முஜூரோ ஆயுதமாக்கி ஜூபேயின் கண்ணைக் கூசவைக்கிறான். இருவரில் யார் குருடர் என்ற கேள்வி ஒரு வசனமும் இல்லாமல் எழுகிறது.

அந்தச் சண்டையில் ஜூபே எப்படி வெல்கிறான்? மூங்கிலில் செருகியிருந்த, படத்தின் பெண் நிஞ்சா ககெரோவின் குறுவாளில் முஜூரோவின் வாள் மோதித் தடைபடுகிறது. அந்த இமைப்பொழுதில் ஜூபே வெட்டுகிறான். இதற்கு முன்பு, கல்தோல் கொண்ட டெஸ்ஸாயின் உடல் இளகி உதிர்ந்ததும் ககெரோவால்தான். எசமானருக்கு உணவைச் சுவைத்துப் பார்க்கும் வேலையில் நஞ்சேறிய உடல் அவளுடையது. அவளைப் பலாத்காரம் செய்யப்போய் அந்த நஞ்சைத் தானே ஏற்றுக்கொண்டான் டெஸ்ஸாய். நம் மரபின் விஷகன்னிக்குச் சகோதரி என்று அவளைச் சொல்லலாம். ஆனால் எவரும் ஏவிவிட்ட ஆயுதமல்ல அவள், கடமையின் பெயரால் சிறுகச் சிறுக நஞ்சாக்கப்பட்டவள். ஜூபேயின் வெற்றிகளில் இரண்டு உண்மையில் அவளுடையவை.

கதை இதை அறிந்திருக்கிறது. காமிராதான் அறியவில்லை. டெஸ்ஸாயின் கையில் அவள் சிக்கும் காட்சியை அது வேட்டைக்காரனின் கண்ணோடு, நின்று நிதானித்துப் பார்க்கிறது. பிரிட்டனில் தணிக்கை இந்தக் காட்சியில்தான் கை வைத்தது. வெட்டியதால் எதுவும் சரியாகிவிடவில்லை, ஏனென்றால் கோளாறு காட்சியின் நீளத்தில் இல்லை, பார்க்கும் கோணத்தில் இருக்கிறது. பாம்புகளை ஏவும் பெனிசாதோவையும் அதே கண்தான் பார்க்கிறது. யமாதாவின் நாவலில் எல்லா உடல்களும் விபரீதமானவை. கவாஜிரியிடம் ஆண் உடல் புதிராகவும் பெண் உடல் காட்சிப்பொருளாகவும் பிரிந்துவிட்டன. ஒரு படைப்பாளி தன் சிறந்த பாத்திரத்தையே புரிந்துகொள்ளாமல் போனது எனக்கு ஆறாத வருத்தம்.

மற்றக் குறைகள் சிறியவை. தோகுகவா ஆட்சியை எதிர்க்கும் தோயோதோமி ஆதரவாளர்களின் சதி, மூழ்கிய தங்கம், கொள்ளைநோய் என்று நம்பவைக்கப்பட்ட கிராமத்துச் சாவுகள் எல்லாவற்றையும் கிழ உளவாளி டாகுவான் வாயால் சொல்லித் தீர்க்கவேண்டியிருக்கிறது. எட்டுப் பேரைக் கொன்று முடிக்க 94 நிமிடம் போதவில்லை. 2003இல் வேறொருவர் இயக்கி 13 பகுதிகளாக வந்த தொலைக்காட்சித் தொடருக்கு நேரம் இருந்தது, ஆனால் கவாஜிரியின் நிதானம் இல்லை. அந்த நிதானம் ஹாலிவுட்டுக்குப் போயிருந்தது. 'மேட்ரிக்ஸ்' எடுத்த வாச்சோவ்ஸ்கிகள் இந்தப் படத்தின் பாதிப்பை வெளிப்படையாகச் சொன்னவர்கள். அதே 2003இல் அவர்களுடைய 'அனிமேட்ரிக்ஸ்' தொகுப்பில் கவாஜிரியும் ஒரு குறும்படம் இயக்கினார்.

ககெரோ என்ற பெயரும் நஞ்சும் யமாதாவிடமிருந்து வந்தவை. மூல நாவல் 2005இல் 'பாசிலிஸ்க்' என்று 24 பகுதி அனிமேயாக வந்தபோது அசல் ககெரோவைத் திரையில் பார்க்கமுடிந்தது. ஆசை எழுந்தால் மூச்சே நஞ்சாகும் பெண் அவள். வதை அவளுக்கும் நேர்கிறது, அங்கும் காமிரா குற்றமற்றதல்ல. ஆனால் குலத்தலைவன் கென்னொசுகேயை அவள் காதலிக்கிறாள். சாகும் நேரத்தில் அந்த மூச்சாலேயே அவனையும் தன்னோடு கூட்டிப்போகப் பார்க்கிறாள். கவாஜிரியின் ககெரோவோ தன் நஞ்சு, வேறொரு நஞ்சேறிய ஜூபேக்கு மருந்தாகட்டும் என்று மட்டுமே கேட்கிறாள். தனக்கென்று எதையும் கேட்கும் ஒரு காட்சியைக்கூடப் படம் அவளுக்குக் கொடுக்கவில்லை.