படை என்னும் உவமை போதுமா?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கு எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து தரப்படுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதை விளக்குவோர் பெரும்பாலும் ஓர் உவமையைக் கையாள்கிறார்கள்: உடலைக் காக்கும் படை சொந்த வீட்டையே தாக்குகிறது, மருந்து அப்படையை வலுவிழக்கச் செய்கிறது. இதில் பாதி உண்மை உண்டு. மறு பாதி நம்மைத் தவறான வழியில் செலுத்துகிறது.

உண்மையான பாதி இது. நரம்பிழைகளைச் சுற்றி, மின்கம்பியின் மேலுறைபோல, மையலின் என்னும் கொழுப்புறை இருக்கிறது. வெள்ளணுக்களில் ஒரு வகையான நிணநீரணுக்கள் மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் புகுந்து அவ்வுறை அழியக் காரணமாகின்றன. நரம்புச் செய்தி தடைப்படுகிறது, பார்வை மங்குகிறது, கால் தளர்கிறது.

ஆனால், 'ஒடுக்குதல்' ஒரே செயலன்று. நடாலிசுமாப் மருந்து நிணநீரணுக்களைக் கொல்வதில்லை. அவை இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மூளைக்குள் நுழைவதைத் தடுக்கிறது. ஃபிங்கோலிமோடு அவற்றை நிணநீர்க் கணுக்களிலேயே நிறுத்திவைக்கிறது. ஒக்ரெலிசுமாப் முக்கியமாக பி அணுக்களை அழிக்கிறது.

இவ்வேறுபாட்டை அறிவதால் பயன் என்ன? 2004 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நடாலிசுமாப், 2005 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பலர் உடலில் அடங்கிக் கிடக்கும் ஜே.சி. வைரஸ், சிலரது மூளையைக் கடுமையாகத் தாக்கியதே காரணம். வாயிலை அடைத்தபோது, காவல் செய்யும் அணுக்களும் வெளியே நின்றுவிட்டன! நன்மையும் தீமையும் ஒரே செயலின் இரு பக்கங்கள். 2006-இல் கடும் கண்காணிப்புடன் மருந்து திரும்பி வந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் எச்சரிக்கை வேறு: ஃபிங்கோலிமோடின் முதல் வேளையில் இதயத்துடிப்பைக் கவனிப்பார்கள், ஒக்ரெலிசுமாப் தருமுன் ஹெப்படைட்டிஸ் பி உள்ளதா என்று சோதிப்பார்கள்.

படை உவமையின் இன்னொரு குறை, 'அப்படியானால் எதிர்ப்பாற்றலைக் கூட்டினால் நல்லதுதானே' என்ற எண்ணத்தைத் தூண்டுவது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் காமா இன்டர்ஃபெரானை 18 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1987-இல் வெளியாயிற்று. அவர்களில் 7 பேருக்கு நோய் மீண்டும் தாக்கியது.

ஆகவே வாசகர்களே, இத்தகைய விளக்கங்களைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த அணு? எந்த இடத்தில்? அது தடுக்கப்பட்டால் எந்தக் காவல் குறையும்? விடை இல்லாத விளக்கம் அச்சத்தையே வளர்க்கும். அச்சத்தால் மருந்தைத் தாமே நிறுத்துவோரிடம் நோய் சீறி எழக்கூடும். அழிந்த உறையை முழுமையாக மீட்டுத்தரும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.